மென்படலத்தில் காணாமல் போகும் 6% ஒளி: வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன், அக்கா எல்லோருக்கும். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். இறுதியாண்டு ஆய்வுக்காகக் கண்ணாடியில் டைட்டானியம் டை ஆக்சைடு மென்படலம் பூசியிருக்கிறேன். சாய்த்துப் பார்த்தால் மழை விட்ட தார்ச்சாலையில் சிந்திய எண்ணெய் போலப் பச்சையும் ஊதாவும் ஓடும். குறுக்கீடு (படலத்தின் மேல், கீழ்ப் பரப்புகளில் எதிரொளித்த ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலப்பது) அவ்வளவு தெளிவு! 600, 750 நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளி அளவின் அடுத்தடுத்த உச்சங்கள். ஒளிவிலகல் எண் 2.2 என்றால் தடிமன் சுமார் 680 நானோமீட்டர். அதுவரை சரி.

ஆனால் 700 நானோமீட்டர் அலைநீளத்தில் இந்தப் பொருள் ஒளியை உறிஞ்சவே கூடாது. ஊடுருவியதையும் எதிரொளித்ததையும் கூட்டினால் 94%தான் வருகிறது. மீதி சிதறலா? இல்லை, இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் அளக்காததாலா? கோணம் மாறினால் உச்சங்களும் நகருமே.

ஈப்போ பக்கம் இன்டிகிரேட்டிங் ஸ்பியர் (சிதறிய ஒளியையும் சேர்த்துப் பிடிக்கும் உள்ளீடற்ற உருண்டை) பொருத்திய ஸ்பெக்ட்ரோமீட்டர் (ஒளியை அலைநீளவாரியாக அளக்கும் கருவி) யாரிடமாவது உண்டா? அரை நாள் போதும். கண்ணாடியைப் பத்திரமாகச் சுற்றி நானே பஸ்ஸில் கொண்டு வருகிறேன்.