ஒன்றாம் தேதி இல்லாத மாதங்கள்

அம்பத்தூரிலிருந்து:

எழுத்தையும் மொழிபெயர்ப்பையும் நம்பி 2018 ஜூன் மாதம் மாசச் சம்பள வேலையை விட்டேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவு. நாலு வருஷம் ஐந்து மாசம் சர்வீஸ். அந்த ஐந்து மாசத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது. வேலையை விடும்போது கம்பெனி தரும் கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாசத்தை 26 நாளாக வைத்துக் கணக்கு. என் அடிப்படைச் சம்பளம் 26,000. இன்னும் ஏழு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் 75,000 ரூபாய் வந்திருக்கும். அடுத்தவர்களுக்கெல்லாம் இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவனே நான்தான்.

அவசரத்துக்குக் காரணம் ஒரே ஒரு மாசம். ராத்திரி உட்கார்ந்து செய்த மொழிபெயர்ப்புக்கு அந்த மாசம் சம்பளத்தைவிடக் கூடுதலாகப் பணம் வந்தது. அதை நம்பி ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன். அடுத்த மாசம் 18,000, அதற்கடுத்தது 4,000, அப்புறம் ஒன்றுமே இல்லை.

வேலை கிடைக்காமல் இல்லை, காசுதான் வரவில்லை. ஒரு நிறுவனத்துக்குப் பன்னிரண்டு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். கேட்கும்போதெல்லாம் "ப்ராசஸ்ல இருக்கு சார்" என்றார்கள். ஐந்து மாசம் ப்ராசஸில் இருந்தது. ஒருவழியாக வந்தபோது 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரி, பிடித்திருந்தார்கள். அது சட்டப்படி சரிதான், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். ஆனால் நம் பேரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பார்த்தால் அந்தத் தொகை ஏறவே இல்லை. பிடித்தவர்கள் கட்டவில்லை. அதற்கு இன்னொரு சுற்று போன்.

காசு வாங்கும் வித்தையை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் கும்பகோணம் பக்கம் ஒரு அரிசி மில் முதலாளி. சதாபிஷேகத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாகப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. "உங்க பேரு வேண்டாம் தம்பி, நானே எழுதினதா இருக்கட்டும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கும் ஆட்சேபம் இல்லை.

மில்லைத் தாண்டி வேறெங்கும் உட்கார மாட்டார். மோட்டார் ஓடினால் போனில் அவர் குரல் பதிவாகாது. ஆகவே கரண்ட் போனால்தான் எங்களுக்கு வேலை. தவிட்டுத் தூசி படிந்த மரப்பெஞ்சில் காத்திருப்பேன். சட்டென்று எல்லாம் அடங்கும். "எங்க விட்டோம், மாயவரம் சந்தையா?" என்று அவர் தொடங்குவார். கரண்ட் வந்ததும் பாதி வாக்கியத்தில் எழுந்து போய்விடுவார்.

ஒரு நாள், "உனக்கு மாசச் சம்பளம் யாரு குடுக்குறா?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து, பேசின தொகையில் பாதியை எண்ணி வைத்தார். "மீதி, அத்தியாயத்துக்கு அத்தியாயம் வாங்கிக்க. தராசுலேருந்து மூட்டை இறங்கினா காசு குடுத்துடணும். நீ எதுக்கு லாரி போன பெறகு பின்னாடியே ஓடுறே?" என்றார். இவ்வளவு நாள் நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

*

திருநெல்வேலியிலிருந்து:

அண்ணா, நான் தனியார் பள்ளியில் ஒன்பது வருஷம் தமிழ் ஆசிரியை. இப்போது முழுநேரம் மொழிபெயர்ப்பும் எழுத்தும். சொந்தப் புத்தகத்தை வைத்துச் சோறு தின்னலாம் என்று யாராவது நினைத்தால் ஒரு கணக்கு: விலை 250 ரூபாய், ராயல்டி 10 சதவீதம், வருஷத்தில் 300 பிரதி போனால் 7,500 ரூபாய். 300 போவதே எங்கள் வட்டத்தில் நல்ல விற்பனை. சென்னைப் புத்தகக் காட்சியில் என் புத்தகத்தை அடுக்கில் பார்த்த சந்தோஷத்தை இதில் சேர்க்கவில்லை. மொழிபெயர்ப்புக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று முன்பே பேசிவிடுவதால் அடுப்பு எரிகிறது.

வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போயிருந்தேன். சம்பளச் சீட்டு கேட்டார்கள். இல்லை என்றதும் மூன்று வருஷ வருமான வரிக் கணக்கு. என் கையில் இருந்தது ஒரு வருஷத்துடையது. முதல் இரண்டு வருஷம் "வருமானமே இல்லையே, எதுக்கு?" என்று தாக்கல் செய்யாமல் விட்டுவிட்டேன். மேலாளர் தன்மையாகத்தான் பேசினார். "மேடம், நீங்க எழுதினதை நானும் படிச்சிருக்கேன்" என்றுகூடச் சொன்னார். கடன் மட்டும் கிடைக்கவில்லை.

இன்னொன்று, நீங்கள் ஆண் என்பதால் சொல்லவில்லை போலிருக்கிறது. வீட்டில் இருக்கிறவள் சும்மா இருக்கிறவள். எங்கள் தெருவில் கொரியர்காரருக்கு என் வீடுதான் தபாலாபீஸ். சிலிண்டர் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு எழுதினால் "உடம்பு சரியில்லையா?" என்று வந்து கேட்கிறார்கள். இப்போது காலை பத்து மணிக்குப் பள்ளிக்குப் போவது போலச் சேலை கட்டிக்கொண்டு மாடி அறைக்குப் போகிறேன். பாதி தொல்லை குறைந்திருக்கிறது.

*

கோவையிலிருந்து:

நான் பதினான்கு மாசத்தில் திரும்பவும் வேலைக்குப் போய்விட்டவன். முதலில் வேலையை விட்டபோது, கம்பெனியின் குரூப் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வேலையின் கடைசி நாளோடு முடிந்தது. மூன்று வாரம் கழித்து அப்பாவுக்கு ஆஞ்சியோ. முழுவதும் கைக்காசு. வேலையில் இருக்கும்போதே தனியாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் புதுப் பாலிசியில் மூன்று வருஷம் வரைகூடக் காத்திருக்க வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதுகிறேன். வருத்தமெல்லாம் இல்லை.

*

மறுபடியும் அம்பத்தூர்:

அந்தச் சேலை யோசனை பிரமாதம் அம்மா. நானும் நாளையிலிருந்து பேன்ட் போட்டுக்கொள்கிறேன்.

முதலாளியின் விழாவுக்குப் போயிருந்தேன். பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் சாம்பார் வரும் வரை புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "படிப்பு அஞ்சாங்கிளாஸ்தான், ஆனா எப்படி எழுதியிருக்கார் பாருங்க" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதே பந்தியில் அடுத்த ஆள் கிடைத்தார், ஓய்வு பெற்ற அதிகாரி. பாதி முன்பணம் வேண்டும் என்று கறாராகச் சொன்னேன். முகம் சுளிக்காமல் சரி என்றார். மூன்று வாரமாக அது ப்ராசஸில் இருக்கிறதாம்.