வீட்டில் செய்த மின்சைக்கிள்: ஃபேனுக்குக் கரண்ட் எங்கிருந்து எடுத்தீர்கள்?

கேரியர்சைக்கிள் (கோவை):
மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பெட்டியான கன்ட்ரோலர் சூடாவது பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் தண்ணீர் கேன் போடும் தம்பி ஒருவர், கேரியர் சைக்கிளில் 48 வோல்ட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) மாட்டியிருக்கிறார். இரண்டு 20 லிட்டர் கேனோடு மேடு ஏறினால் கன்ட்ரோலரில் கை வைக்க முடியாது. அதைக் குளிர்விக்க, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய 12 வோல்ட் ஃபேன் இரண்டை வைத்து, பேட்டரியின் 13 செல் வரிசையில் கடைசி மூன்றிலிருந்து தனி ஒயர் இழுத்துவிட்டார்.

மூன்று செல் சேர்ந்தால் 11, 12 வோல்ட் வரும்தானே? ஃபேனும் ஜோராக ஓடியது. ஆனால் போகப் போக வண்டி பாதி வழியில் நிற்க ஆரம்பித்தது. மீட்டர் வைத்துப் பார்த்தால் மற்ற பத்தும் 3.6-க்கு மேல், அந்த மூன்று மட்டும் 3-க்குக் கீழே. ஒரு செல் இறங்கினாலும் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் செல்களைக் காக்கும் சர்க்யூட்) மொத்தத்தையும் நிறுத்திவிடும். சார்ஜ் போடும்போது அந்தப் பத்தும் முதலில் 4.2-ஐத் தொட்டுவிடும், இவை நிரம்புவதற்குள் சார்ஜ் நின்றுவிடும். பிஎம்எஸ் சமன் செய்யாதா என்பீர்கள். அது செய்வது பெரும்பாலும் சில பத்து மில்லிஆம்ப் அளவில்தான். இரண்டு ஃபேன் இழுப்பதோ 300 பக்கம்.

அந்த ஒயரை எடுத்துவிட்டு, மூன்று செல்லையும் தனியாக ஏற்றி மற்றவற்றோடு சமப்படுத்தினோம். இப்போது மொத்த பேட்டரியிலிருந்து, வோல்ட்டேஜை 12-க்குக் குறைத்துத் தரும் கன்வெர்ட்டர் வழியாகத்தான் ஃபேன் ஓடுகிறது. மலிவாகக் கிடைக்கும் எல்எம்2596 கன்வெர்ட்டர் போர்டு இதற்கு ஆகாது. சாதாரண வகை 40 வோல்ட் வரைதான் தாங்கும், நம் பேட்டரி முழுச் சார்ஜில் 54.6. மின் ஸ்கூட்டரில் ஹாரன், ஹெட்லைட்டுக்கு வைக்கும் கன்வெர்ட்டரை ஸ்பேர் கடையில் கேளுங்கள், 72 வோல்ட் வரை தாங்குவதே கிடைக்கும். சாவி போட்டால்தான் கரண்ட் வரும் இடத்தில் இணையுங்கள். பேட்டரி பக்கம் கார் பிளேடு ஃபியூஸ் வேண்டாம், அது பொதுவாக 32 வோல்ட்டுக்குத்தான்.

சால்டரிங்வாசனை:
நாலு 12 வோல்ட் ஃபேனை வரிசையாகக் கோத்தால் 48 ஆயிற்றே என்று ஒரு நண்பர் செய்தார் அண்ணா. ஒரே மாடல்தான், ஆனாலும் வோல்ட்டேஜ் சமமாகப் பிரியவில்லை. ஒன்று அலறியது, ஒன்று கிளம்பவே திணறியது. கடைசியில் டெலிகாம் பெட்டியில் வரும் 48 வோல்ட் ஃபேன் பழைய சாமான் கடையில் கிடைத்தது. அந்தச் சாதனங்களே 54 வோல்ட் பக்கம்தான் ஓடும் என்பதால், லேபிளில் உள்ள உச்ச அளவை மட்டும் பார்த்துவிட்டு நேரடியாகவே கொடுத்துவிட்டார். கன்வெர்ட்டர் செலவே இல்லை.

மேட்டுத்தெரு:
எனக்கென்னவோ பாதிப் பேருக்கு ஃபேனே தேவையில்லை. மூடிய பெட்டிக்குள் ஃபேன் வைத்தால் அதே சூட்டுக் காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும். கன்ட்ரோலரை வெளியே எடுத்து, அலுமினிய முதுகு காற்றில் படும்படி திருகிப் பாருங்கள். சரி, பாரம் ஏற்றி மெதுவாக மேடு ஏறுபவருக்கு அந்தக் காற்று போதாது, அவர் வைக்கட்டும். ஆனால் காற்று உள்ளே போகும் ஓட்டை கீழ்நோக்கி, சக்கரத் தண்ணீர் தெறிக்காத பக்கமாக இருக்க வேண்டும்.