சின்ன ரிக்வெஸ்ட் போகுது, பெரிய ரெஸ்பான்ஸ் தொங்குது: ஓவர்லே நெட்வொர்க் டிசைன்ல எங்க இடிக்குது? உதவி ப்ளீஸ்

கேபிள்கதிர்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க செட்டப்ப மொதல்ல சொல்லிடுறேன். ரெண்டு சைட், ஒண்ணு ஆபீஸ் ரேக், இன்னொண்ணு வாடகை சர்வர். நடுவுல கேட்வேக்கு கேட்வே வயர்கார்ட் டனல், அதாவது என்கிரிப்ட் பண்ணி அனுப்பற பாதை. அதுக்கு மேல ரெண்டு சைட்டையும் சேத்து ஒரே குபர்நெட்டிஸ் (கன்டெய்னர்கள ஓட்டுற சிஸ்டம்), அதுல ஆப் ஓடற பாட்களோட நெட்வொர்க் விஎக்ஸ்லேன்ல, அதாவது ஈதர்நெட் ஃப்ரேம யுடிபிக்குள்ள சுத்தி அனுப்பற ஓவர்லேல ஓடுது. ஆப் டீம் ஆளுங்க ஐபி, ரூட், சப்நெட்னு எதையும் தொடக்கூடாதுன்னு மேல ஒரு லேயர் எழுதியிருக்கேன், "பில்லிங் சர்வீஸ் ரிப்போர்ட் சர்வீஸோட பேசணும்"னு ஒரு ஃபைல்ல ஒரு வரி போட்டா போதும், டிஎன்எஸ், பாலிசி, ஃபயர்வால் ரூல் எல்லாம் தானா வந்துடும்.

ஒரே சைட்டுக்குள்ள எல்லாம் பக்கா. சைட் விட்டு சைட் போனா பிங் போகுது, லாகின் ஏபிஐ போகுது, ஹெல்த் செக் பச்சை, ஆனா ரிப்போர்ட் டவுன்லோட் பண்ணா கனெக்ட் ஆகி அப்படியே நிக்குது, எரரும் வர்றதில்ல, கடைசில டைம்அவுட். ஆப் டீம் நெட்வொர்க் பிரச்சனைங்கறாங்க, டேஷ்போர்டுல எல்லாமே அப்னு காட்டுது. இது என்னன்னும் தெரியணும், இந்த மாதிரி எல்லாத்தையும் மறைக்கிற லேயர் எழுதறதே சரியான்னும் தெரியணும்.

ரூட்டர்ராணி:
தம்பி, கனெக்ட் ஆகுது, சின்னது போகுது, பெரிசு மட்டும் நிக்குதுன்னா மொதல்ல எம்டியூவதான், அதாவது ஒரு லிங்க்ல உடையாம போகற பெரிய பாக்கெட் சைஸத்தான் பாக்கணும். வயர்கார்ட் இன்டர்ஃபேஸ் வழக்கமா 1420. விஎக்ஸ்லேன் தன் பங்குக்கு 50 பைட் எடுத்துக்கும், உள்ள இருக்கற ஈதர்நெட் ஹெட்டர் 14, விஎக்ஸ்லேன் ஹெட்டர் 8, யுடிபி 8, வெளி ஐபி 20. ஆக பாடுக்கு மிஞ்சுறது 1370. ஒரு பாட்ல இருந்து அந்த சைட் பாடுக்கு டிஎஃப் பிட் (உடைக்காதேன்னு சொல்ற குறி) போட்டு பிங் பண்ணுங்க. ஐபி ஹெட்டரும் பிங்கோட ஐசிஎம்பி ஹெட்டரும் சேர்ந்து 28 போக, சைஸ் 1342 போகணும், 1343 போகக்கூடாது. அப்படியே வந்துச்சுன்னா ஆள் மாட்டிக்கிட்டான். பாட் இன்டர்ஃபேஸ்ல எம்டியூ என்னன்னும் போடுங்க.

கேபிள்கதிர்:
அக்கா, அச்சு அசலா அதேதான்! 1342 போகுது, 1343 போகல. பாட்ல எம்டியூ 1450னு இருக்கு, பாடுக்கு நெட்வொர்க் போடற சிஎன்ஐ ப்ளகின் நோடோட (பாட் ஓடற மெஷினோட) கார்டுல 1500ன்னு பாத்து 50 கழிச்சு வச்சிருக்கு போல. ஆனா ஒண்ணு புரியல, வழியில சின்ன லிங்க் இருந்தா பாக்கெட் பெரிசா இருக்குன்னு ஐசிஎம்பி தகவல் திரும்பி வந்து டிசிபி தானா சைஸ குறைச்சுக்கணுமே, 1990லயே அதுக்கான இன்டர்நெட் ஸ்டாண்டர்ட் ஆர்எஃப்சி 1191 வந்தாச்சே? கேட்வேல டிசிபிடம்ப் போட்டு பாக்கெட்ட பிடிச்சுப் பாத்தா 1500 பைட் பாக்கெட் ரெண்டா உடைஞ்சு டனலுக்குள்ள போறது தெரியுது, ஆனா அந்தப் பக்கத்து நோடுக்கு முதல் துண்டு மட்டும்தான் வருது.

ரூட்டர்ராணி:
டம்ப் எடுத்துப் போட்டது ரொம்ப நல்லது, விஷயம் முழுசா அதுலயே இருக்கு. டிசிபி டிஎஃப் போட்டுத்தான் அனுப்புது, ஆனா அது உள் ஹெட்டர்ல இருக்கு. லினக்ஸ் விஎக்ஸ்லேன் டிஃபால்ட்டா அத வெளி ஹெட்டருக்கு காப்பி பண்ணாது. அதனால கேட்வே ஐசிஎம்பி அனுப்பாம வெளி பாக்கெட்ட உடைக்குது, உள்ள இருக்கற டிசிபிக்கு ஒரு தகவலும் போகல. அந்த சைட்ல ஸ்டேட்லெஸ் ஏசிஎல் (ஒவ்வொரு பாக்கெட்டையும் தனித்தனியா பாத்து விடற ரூல் லிஸ்ட்) ஏதாவது இருக்கா, விஎக்ஸ்லேன் போர்ட் யுடிபி 8472க்கு மட்டும் அனுமதின்னு? ரெண்டாவது துண்டுல யுடிபி ஹெட்டரே கிடையாது, அப்ப போர்ட் நம்பரும் கிடையாது, ரூல் மேட்ச் ஆகாம விழுந்துடும்.

அதுக்காக துண்டுகளுக்கு ஏசிஎல்ல வழி திறந்து விட்டுடலாம்னு நினைக்காதீங்க. ஆர்எஃப்சி 7348 படி விஎக்ஸ்லேன் முனை பாக்கெட்ட உடைக்கவே கூடாது, வழியில யாராவது உடைச்சா வாங்குற முனை சத்தமில்லாம தூக்கிப் போட்டுக்கலாம். இன்னிக்கு ஓடும், நாளைக்கு கர்னலோ ஹார்டுவேரோ மாறினா நிக்கும்.

ஜம்போஜான்:
ப்ரோ, இவ்ளோ யோசிக்கணுமா, எல்லா பாட்லயும் 1280 போட்டுட்டு வேலைய பாருங்க. ஐபிவி6க்கே குறைஞ்சபட்சம் அதுதான், எங்க வேணா போகும். எங்க ஆபீஸ்ல அப்படித்தான் ஓடுது.

ரூட்டர்ராணி:
ஜான், அவசரத்துக்கு அது சரி, இன்னிக்கு ராத்திரி போட்டுக்கட்டும். ஆனா அவர் டிசைன பத்தியும் கேட்டிருக்காரு, அத விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல.

2011ல கம்ப்யூட்டர் சயின்டிஸ்ட் ஸ்காட் ஷெங்கர் எஸ்டிஎன் (நெட்வொர்க்க சாஃப்ட்வேர்ல இருந்து கன்ட்ரோல் பண்றது) பத்திப் பேசறப்ப நெட்வொர்க் கன்ட்ரோலுக்கு வேண்டிய அப்ஸ்ட்ராக்ஷன மூணாப் பிரிச்சாரு. பாக்கெட்ட ஃபார்வர்ட் பண்ற பெட்டி எந்தப் பெட்டியா இருந்தாலும் ஒரே மாதிரி தெரியறது ஒண்ணு. அங்கங்க சிதறிக் கிடக்கற ஸ்டேட்ட ஒரே மேப்பா, ஒரு கிராஃபா காட்டுறது இன்னொண்ணு. எப்படிங்கறத விட்டுட்டு என்ன வேணும்னு மட்டும் எழுத விடறது மூணாவது. தம்பி எழுதின ஒரு வரி ஃபைல் அந்த மூணாவது, அது நல்லாவே இருக்கு, அத யாரும் குறை சொல்ல முடியாது. இல்லாதது நடுவுல இருக்க வேண்டிய மேப். எந்த நோட் எந்த லிங்க் வழியா எங்க போகுது, அந்த லிங்க்ல எவ்ளோ பைட் போகும்னு எந்த இடத்துலயும் எழுதி வைக்கல, அதனால சிஎன்ஐ தன் கார்ட மட்டும் பாத்து 1450னு முடிவு பண்ணுச்சு, அதுக்கு டனல் இருக்கறதே தெரியாது. டனலுக்கு விஎக்ஸ்லேன் தெரியாது. ஒவ்வொரு லேயரும் தன் வேலைய ஒழுங்காத்தான் பண்ணுது, கூட்டிப் பாக்கத்தான் ஆளில்ல.

ஆப் டீமுக்கு டனல் இருக்குன்னு தெரிய வேண்டாம், விஎக்ஸ்லேனா வேற ஏதாவதான்னும் தெரிய வேண்டாம், அதெல்லாம் நீங்க நாளைக்கே மாத்தலாம். ஆனா எவ்ளோ பெரிய பாக்கெட் போகும்ங்கறது அந்தப் பாதையோட குணம், அத மறைச்சா அது இல்லாம போயிடாது, ராத்திரி ரெண்டு மணிக்கு டைம்அவுட்டா வெளிய வரும். அதனால மேப்ல ஒவ்வொரு லிங்குக்கும் எம்டியூவ எழுதுங்க, உங்க டூல் ஃபைல படிச்சு ரூல் உருவாக்குற நேரத்துலயே பாதைய நடந்து பாத்து எது சின்னதோ அதுல இருந்து 50 கழிச்சு பாடுக்கு கொடுக்கட்டும். கண்டிப்பா 1280தான்னு எல்லாருக்கும் கட்டிட்டா, அடுத்த வருஷம் ரேக்குக்குள்ள 9000 பைட் ஜம்போ பாக்கெட் போடறப்ப அந்த பலனும் கைக்கு வராது.

ஹெல்த் செக்கையும் மாத்துங்க. சால்ட்சர், ரீட், கிளார்க் மூணு பேரும் 1984ல எழுதின எண்ட் டு எண்ட் கட்டுரையில சொன்ன விஷயம்தான், நடுவுல ஒவ்வொரு கட்டமும் சரின்னு காட்டினாலும் கடைசி முனைல சரிபாத்தாதான் சரி. பாட்ல இருந்து பாடுக்கு முழு சைஸ் பாக்கெட்ட டிஎஃப் போட்டு அனுப்பிப் பாருங்க, அது போனாதான் பச்சை.

ஜம்போஜான்:
ஒத்துக்கிறேன் அக்கா, ஜம்போ பாயிண்ட் நியாயம்தான். இன்னொரு வழியும் பலர் சொல்வாங்க, கேட்வேல எம்எஸ்எஸ் கிளாம்ப், அதாவது டிசிபி ஒரு பாக்கெட்ல அனுப்பற டேட்டாவுக்கு உச்சவரம்பு போடுன்னு. அது இங்க ஆகுமா?

ரூட்டர்ராணி:
ஆகாது. கேட்வேக்கு வர்றது வெறும் யுடிபி, உள்ள டிசிபி இருக்கறத அது பாக்கறதே இல்ல. போடணும்னா விஎக்ஸ்லேன் சுத்துறதுக்கு முன்னாடி நோட்லயே போடணும், 1370ல ஐபி, டிசிபி ஹெட்டர் 40 போக 1330ன்னு. அப்பவும் டிசிபிக்கு மட்டும்தான், யுடிபில பெரிசா அனுப்பற ஆப்புக்கு ஒண்ணும் பண்ணாது.

கேபிள்கதிர்:
அக்கா, ஜான் ப்ரோ, ரொம்ப ரொம்ப நன்றி. ஏசிஎல்லும் அதேதான், 8472 மட்டும்தான் அனுமதி. சிஎன்ஐ எம்டியூவ 1370 ஆக்கிட்டேன், மேப் ஃபைல் எழுத ஆரம்பிச்சாச்சு, லிங்க் பேர், ரெண்டு முனை, எம்டியூ இந்த மூணும் கட்டாயம், இல்லன்னா டூல் ஓடாது. ஆனா பழைய பாட்ல இன்னும் 1450ன்னே காட்டுது?

ரூட்டர்ராணி:
பாட் பிறக்கறப்ப போட்ட எம்டியூ அப்படியே இருக்கும், சிஎன்ஐ கான்ஃபிக் புதுசா வர்ற பாடுக்குத்தான். ரோலிங் ரீஸ்டார்ட் பண்ணுங்க, அதாவது பாட ஒவ்வொண்ணா மாத்துங்க, பெரிசா டேட்டா அனுப்பற சர்வீஸ மொதல்ல. ரிப்போர்ட் சர்வீஸ்ல ஆரம்பிச்சா உடனே வித்தியாசம் தெரியும்.