மழைக்காலத்துல யூபிஎஸ் எத்தனை நிமிஷம் தாங்கும்னு எப்படி சோதிக்க?

கேள்வி (குலசேகரம்):
வீட்டுல டிடிபி (கம்ப்யூட்டர்ல டைப் அடிச்சுப் பக்கம் அமைக்குற) வேலை செய்யிறேன். கரண்டு போனா கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓட வைக்குற 600 விஏ (வோல்ட் ஆம்பியர்) யூபிஎஸ் இருக்கு, உள்ளே 12 வோல்ட் 7 ஏஹெச் (ஆம்பியர் மணி) பேட்டரி. மூணு வருசம் ஆகப் போவுது. இங்க மழைன்னா ரப்பர் மரக்கொப்பு ஒடிஞ்சு லைன்ல விழும், கரண்டு போவும், வரும், திரும்பப் போவும். முதல் தடவை ஃபைலை சேவ் பண்ண நேரம் கிடைக்குது. அடுத்த தடவை பீப் சத்தம் கேட்ட உடனே எல்லாம் அணையுது. பேட்டரி போச்சா? ஃபைல் எதுவும் கெடாம சோதிக்க வழி சொல்லுங்க.

பதில் (மார்த்தாண்டம்):
மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க. 12.7 வோல்ட் காட்டினா பேட்டரி நல்லாத்தான் இருக்கு.

பதில் (தக்கலை, யூபிஎஸ் சர்வீஸ்):
அது போதாது அண்ணே. பழைய பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.7 காட்டும், லோடு ஏறினா சரியும். யூபிஎஸ் ஓடும்போது கவரைத் திறந்து மீட்டர் வைக்கவே வைக்காதீங்க, உள்ளே 230 வோல்ட் இருக்கு.

அக்கா, ரெண்டாவது தடவை உடனே அணையிறதை வச்சு மட்டும் பேட்டரி போச்சுன்னு சொல்ல முடியாது. ஒருக்கா காலியான பேட்டரி முழுசா ஏற ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆவும். இடையில அரை மணி நேரம் கரண்டு வந்தா என்ன ஏறும்? அதனால ராத்திரி முழுக்க சார்ஜ் ஏத்திட்டு காலையில சோதிங்க.

கம்ப்யூட்டரைக் கழற்றிட்டு, அந்த இடத்துல 100 வாட் குண்டு பல்பு மாட்டுங்க. எல்இடி பல்பு ஆவாது, அது இழுக்குற கரண்டு ரொம்பக் குறைவு. சாதாரண கம்ப்யூட்டர், மானிட்டர், மோடம் மூணும் சேர்ந்து ஏறக்குறைய 100 வாட் வரும். பிளக்கைப் பிடுங்காம சுவர் சுவிட்சை மட்டும் அணைங்க, எர்த் இணைப்பு விடாம இருக்கும். பல்பு அணையிற வரை நேரம் பாருங்க.

கணக்குக்கு 12 பெருக்கல் 7, 84 வாட் மணி. ஆனா அந்த 7 ஏஹெச்சுங்கிறது 20 மணி நேரம் மெதுவா இறக்கினாத்தான் கிடைக்கும். வேகமா இழுத்தா பாதி கிட்டத்தான் வரும். புது பேட்டரியே 100 வாட்டுக்கு 20, 25 நிமிஷந்தான் தாங்கும்.

கேள்வி கேட்டவர்:
ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுட்டு செய்தேன். செல்போனை பல்பு முன்னாடி வச்சு வீடியோ எடுத்தேன். 9 நிமிஷத்துல அணைஞ்சுது. பீப் வேகமா அடிக்க ஆரம்பிச்சு ஒரு நிமிஷங்கூட ஆவல.

பதில் (தக்கலை, யூபிஎஸ் சர்வீஸ்):
புது பேட்டரி தாங்குற நேரத்துல பாதிகூட இல்ல, மாத்த வேண்டிய பேட்டரிதான். இந்தச் சோதனையை அடிக்கடி செய்யாதீங்க, லெட் ஆசிட் பேட்டரி அடிவரை இறங்கினா ஆயுசு குறையும். புதுசு போட்டதும் ஒருக்கா நேரத்தைக் குறிச்சு யூபிஎஸ் மேல ஒட்டி வையுங்க. பிறகு அஞ்சு நிமிஷ வேலைக்கு மேல அதை நம்பாதீங்க, பீப் கேட்டா முதல்ல சேவ் பண்ணுங்க. பிரிண்டர் லேசரா இருந்தா அதை யூபிஎஸ்ல மாட்டவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
பிரிண்டர் லேசர்தான், யூபிஎஸ்லதான் இருந்துது. இப்பவே கழற்றிட்டேன். பழைய பேட்டரியை என்ன செய்ய?

பதில் (மார்த்தாண்டம்):
குப்பையில போடாதீங்க, உள்ளே ஈயமும் ஆசிடும் இருக்கு. புதுசு வாங்குற கடையில குடுத்தா விலையில கழிச்சுத் தருவாங்க.