ஞாயிறு மேட்ச் வேண்டாம்

அல்சூர் வீடு – குடும்பக் குழு
வியாழன் இரவு

அல்சூர் சித்தி: கிரிக்கெட்டில் தலையில் பந்து பட்டதிலிருந்து தலைவலி விடவில்லை என்று இன்று கார்த்திக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தோம். ரத்தக்கசிவு இல்லை, எலும்பில் விரிசல் இல்லை. எல்லாம் நார்மல்.

பாட்டி: முருகா! காலையில் முதல் வேலையாக சோமேஸ்வரர் கோயிலில் ஒரு அர்ச்சனை பண்ணிவிடு.

தாம்பரம் மாமா: நல்லவேளை ஹெல்மெட் போட்டிருந்தான். அப்போ ஞாயிறு செமி ஃபைனல் ஆடலாம்.

மீனா அக்கா: மாமா, வேண்டாம். சித்தி, ஸ்கேன் இருக்கட்டும், பிள்ளை எப்படி இருக்கிறான்?

அல்சூர் சித்தி: டியூப் லைட்டைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்கிறான். நேற்று ஒரே கணக்கை மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் பாதியில் விட்டுவிட்டான். காலையில் டம்ளர் நிறைந்து வழிகிறது, இவன் சொம்பைச் சாய்த்தபடியே நிற்கிறான்.

மீனா அக்கா: இதுதான் கன்கஷன், சித்தி. ஸ்கேனில் தெரிவது ரத்தக்கசிவும் எலும்பு முறிவும். பந்து பட்ட வேகத்தில் உள்ளே மூளை குலுங்கி, நரம்பு செல்கள் வேலை செய்வது கெட்டிருக்கிறது. அது படத்தில் விழாது. ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காப்பாற்றும், உள்ளே குலுங்குவதை முழுதாகத் தடுக்காது.

தாம்பரம் மாமா: மயக்கமே போடவில்லையே. கோச் ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி அனுப்பினாராம், ஆடியிருக்கிறான்.

மீனா அக்கா: அனுப்பியிருக்கவே கூடாது. பெரும்பாலும் மயக்கம் வராது, மாமா. 2019 லார்ட்ஸ் டெஸ்ட் ஞாபகம் இருக்கிறதா?

தாம்பரம் மாமா: இங்கிலாந்தின் ஆர்ச்சர் பந்து! ஆஸ்திரேலியாவின் ஸ்மித் 80 அடித்திருந்தபோது கழுத்தில் வாங்கி விழுந்து, திரும்பி வந்து 92 வரை அடித்தார்.

மீனா அக்கா: அன்று சோதனைகளில் தேறிவிட்டார். மறுநாள் காலையில்தான் அறிகுறி தெரிந்தது. அவருக்குப் பதிலாக லபுஷேன் உள்ளே வந்தார், கிரிக்கெட் டெஸ்டில் முதல் கன்கஷன் மாற்று வீரர். ஸ்மித் அடுத்த டெஸ்டும் ஆடவில்லை. இவனுக்கு 14 வயது. மூளை ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அரிதுதான், ஆனால் வந்தால் இந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வருகிறது.

தாம்பரம் மாமா: சரிம்மா. ஞாயிறு வேண்டாம்.

அல்சூர் சித்தி: நாலு நாளாக ஜன்னலை மூடி, போனை வாங்கி வைத்து, படுக்கவே வைத்திருக்கிறேன். அது சரிதானே?

மீனா அக்கா: முதல் இரண்டு நாள் சரி. இனி எழுப்பி நடக்க விடுங்கள். நான் படித்த காலத்தில் எங்களுக்கும் இருட்டறை ஓய்வுதான் சொல்லிக்கொடுத்தார்கள். அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜான் லெடி என்ற ஸ்போர்ட்ஸ் மெடிசின் டாக்டர் இதை மாற்றியவர்களில் முக்கியமானவர். டிரெட்மில்லில் நடக்க விட்டு, சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். தலைவலி கூடும் இடத்தில் நிறுத்தி, அப்போதைய இதயத் துடிப்பைக் குறித்துக்கொள்வார்கள். அதில் 80 சதவீதம் வரை தினமும் 20 நிமிடம் பயிற்சி. 2019ல் வந்த அவர்கள் ஆய்வில் 13 முதல் 18 வயது வரை 103 பேர். இந்தப் பயிற்சி செய்தவர்களில் பாதிப் பேர் 13 நாளுக்குள் தேறினார்கள். ஸ்ட்ரெச்சிங் மட்டும் செய்தவர்களுக்கு அது 17 நாள். படுத்தே கிடக்கிற பையனுக்கு நாலு நாள் என்பது எவ்வளவு பெரிது!

பாட்டி: தலைக்கு எண்ணெய் வைக்கலாமா?

மீனா அக்கா: வைக்கலாம் பாட்டி. அழுத்தித் தேய்க்காமல் தடவி விடுங்கள். சித்தி, திரும்பத் திரும்ப வாந்தி, தலைவலி ஏறிக்கொண்டே போவது, எழுப்பினால் எழாத தூக்கம், கை கால் பலவீனம், வலிப்பு, இதில் ஒன்று வந்தாலும் நேராக நிம்ஹான்ஸ் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். எனக்கு அப்புறம் சொன்னால் போதும்.

வெள்ளி காலை

அல்சூர் சித்தி: ஏரிக்கரையில் 15 நிமிடம் மெதுவாக நடந்தோம். வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன். கிளம்பும்போது 3, திரும்பும்போது 4. அரை மணியில் மறுபடி 3.

மீனா அக்கா: ரொம்ப நல்லது. கிளம்பும்போது இருந்ததைவிட 2 புள்ளிக்கு மேல் கூடினாலோ ஒரு மணிக்குள் இறங்காவிட்டாலோ குறைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கும் அதே தூரம்.

அல்சூர் சித்தி: கோச்சுக்குப் போன் பண்ணிவிட்டேன். டாக்டர் எழுதித் தரும்வரை வரமாட்டான் என்று சொல்லிவிட்டேன்.

கார்த்தி: அக்கா, ஸ்கோர் எழுதவாவது போகலாமா?

மீனா அக்கா: ஸ்கோர் எழுத வேண்டாம்டா. நிழலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார். வலி ஏறினால் அம்மாவிடம் சொல்லிக் கிளம்பிவிடு.