டிக்கியில் சப்வூஃபர் பெட்டி: சீட்டின் சாய்வை எப்படி அளப்பது?

கேள்வி: பழைய ஹேட்ச்பேக், 10 அங்குல சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்). சாய்வு காட்டும் ஆப்போடு போனைப் பின்சீட்டு முதுகில் வைத்தேன், 23 டிகிரி. அதை நம்பி, சீட்டோடு ஒட்டி நிற்கும் பெட்டிக்கு 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அறுத்தேன். பெட்டியை வைத்தால் அடியில் ஒட்டுகிறது, மேலே ஒரு அங்குலம் வாய் பிளக்கிறது. பலகைக் காசு போச்சு!

பதில் 1: வண்டி எங்கே நின்றது? மேடு பள்ளம் என்றால் போன் அதையும் சேர்த்துத்தான் காட்டும். முதலில் டிக்கித் தரையில் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள், அப்புறம் சீட்டில்.

பதில் 2: போனே வேண்டாம் தம்பி. டிக்கித் தரையில் மூலைமட்டத்தை (L வடிவ அளவுகோல்) நிறுத்துங்கள். 35 செ.மீ. உயரத்தில் சீட்டு எவ்வளவு பின்னால் வந்திருக்கிறது என்று பாருங்கள். 12 செ.மீ. என்றால் 19 டிகிரி. சாய்வுப் பலகை 35 அல்ல, 37 செ.மீ. வேண்டும், பலர் இதில்தான் கோட்டை விடுவார்கள். உள்ளளவில் மேலே 12, அடியில் 24 ஆழம், 40 அகலம் என்றால் சுமார் 25 லிட்டர். முதலில் அட்டைப்பெட்டியை வெட்டி வைத்துப் பாருங்கள்.

கேட்டவர்: வாசல் சரிவில், மூக்கு மேலே பார்க்க நிறுத்தியிருந்தேன்! மூலைமட்டம் வைத்தேன், 12 செ.மீ.யேதான். ஃபிரிட்ஜ் அட்டை கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.