20 நத்தையில் ஒன்றிலும் செர்க்கேரியா வரவில்லையென்றால், குளத்தில் தொற்று இல்லை என்று எழுதலாமா?

படித்துறை கேட்டது:
செர்க்கேரியா (நத்தையிலிருந்து நீரில் வெளிவரும் ஒட்டுண்ணித் தட்டைப்புழுவின் நீந்தும் இளம்பருவம்) வருகிறதா என்று பார்க்க, குளத்து நத்தைகளைத் தனித்தனிக் குழாயில் விட்டு, வெளிச்சத்தில் 2 மணி நேரம் வைத்தோம். எல்லாம் தட்டைச் சுருள் ஓட்டு நத்தைகள், மொத்தம் 20. ஒரு குழாயில் மட்டும் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. மற்றவற்றில் ஒன்றுமில்லை. அது செர்க்கேரியாதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இல்லையென்றால், தொற்று இல்லை என்று பதிவு செய்யலாமா?

குழாய்விளக்கு:
இப்போதைக்குச் செய்யாதீர்கள். சிஸ்டோசோமா நோய் (இரத்தத் தட்டைப்புழு தோல் வழியே நுழைந்து வரும் நோய்) பரவியுள்ள நீர்நிலையிலும் பல நேரம் நூற்றுக்கு ஒன்றிரண்டு நத்தைதான் செர்க்கேரியா விடும். 1% என்று வைத்துக்கொண்டால், 20 பிடித்து ஒன்றிலும் இல்லாமல் போக 82% வாய்ப்பு உண்டு. 95% உறுதி வேண்டுமானால் ஏறத்தாழ 300 நத்தை பார்க்க வேண்டும். அதுவும் ஆட்கள் இறங்கிக் குளிக்கும், துவைக்கும் இடங்களில் பிடித்தவையாக இருக்க வேண்டும். ஆள் போகாத ஓரத்தில் பிடித்த 300 எதையும் சொல்லாது.

அடுத்தது, கொண்டுவரும் முறை. தண்ணீர் நிரம்பிய வாளியில் வெயிலில் கொண்டுவந்தால் வழியிலேயே செர்க்கேரியாவை விட்டுவிடும், குழாயில் பார்க்க மிச்சம் இருக்காது. ஈரப் பஞ்சில் அடுக்கி, நிழலில் கொண்டுவந்து, ஓர் இரவு இருட்டில் வையுங்கள். காலையில் குழாய்க்கு ஒரு நத்தை, 5 முதல் 10 மி.லி. குளோரின் நீங்கிய நீர். குழாய்நீரை அப்படியே ஊற்றினால் நத்தையும் சாகும், செர்க்கேரியாவும் சாகும். விளக்கு வெளிச்சம் போதும், நீர் 25 முதல் 30 டிகிரிக்குள் இருக்கட்டும். நேர் வெயிலில் சின்னக் குழாய் சீக்கிரம் கொதித்துப்போகும்.

நேரமும் முக்கியம். சிஸ்டோசோமா வகைகளில் மான்சோனி, ஹீமட்டோபியம் பெரும்பாலும் காலை 10 மணிக்கு மேல் நண்பகலை ஒட்டி வரும். ஜப்பானிகம் மாலையில். அதனால் 2 மணி நேரத்தோடு நிறுத்தாமல் நண்பகல் தாண்டும்வரை பாருங்கள்.

மிராசிடியம் (முட்டையிலிருந்து பொரிந்து வரும் இளம்புழு) நத்தைக்குள் நுழைந்த நாளிலிருந்து செர்க்கேரியா வெளிவர 4 முதல் 6 வாரம் பிடிக்கும். இன்று வராத நத்தைகளை லெட்டூஸ் இலை போட்டு வளர்த்து, வாரம் ஒருமுறை திரும்பச் சோதியுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

கண்ணாடித்தட்டு:
நெளிந்ததைப் பற்றி. குழாயைக் கறுப்புத் துணிக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். செர்க்கேரியா அரை மி.மீ. அளவு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், துடித்து மேலே ஏறும், நின்று மெல்ல இறங்கும். புழுபோல நீண்டு, நத்தையின் உடம்பை ஒட்டி ஊர்ந்தால் அது கீட்டோகாஸ்டர். நத்தைமேல் வாழும் சிறு வளையப்புழு, செர்க்கேரியாவைத் தின்னும். அதையே செர்க்கேரியா என்று எழுதிவிட்ட பதிவுகள் நிறைய இருக்கும்.

ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, அயோடின் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். வால் நுனி இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும். பிளந்த கிளைகள் வால்தண்டைவிடக் குட்டையாக, தொண்டைக்குமிழ் (வாய்க்குப் பின்னுள்ள தசைக்குமிழ்) இல்லாமல், கண்புள்ளியும் இல்லாமல் இருந்தால் மனிதருக்கு வரும் வகையாக இருக்கலாம். கண்புள்ளி இருந்தால் பெரும்பாலும் பறவைச் சிஸ்டோசோமா, மனிதர் தோலில் அரிப்பு வரும், உடலுக்குள் வளராது. பிளவில்லாத ஒற்றை வாலோடு வந்து, சில மணி நேரத்தில் குழாய்ச் சுவரில் வெள்ளைப் பொட்டாக ஒட்டிக்கொள்வது ஈரல் தட்டைப்புழு போன்றது. அது பெரும்பாலும் லிம்னியா நத்தையில்தான் வரும்.

ஆனால் மாட்டுக்கு வரும் சிஸ்டோசோமாவும் மனிதருடையதும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். பிசிஆர் (மரபணுச் சோதனை) செய்யாமல் மனித வகை என்று எழுதக் கூடாது. சில செர்க்கேரியாவை 95% ஆல்கஹாலில் எடுத்து வையுங்கள்.

கையுறை இல்லாமல் இந்தக் குழாய்களைத் தொடவே வேண்டாம். செர்க்கேரியா சில நிமிடத்தில் தோலுக்குள் போய்விடும். தெறித்தால் உடனே 70% ஆல்கஹால் ஊற்றித் துடையுங்கள். மிச்ச நீரைக் கொதிக்க வைத்த பிறகே கொட்டுங்கள்.

படித்துறை:
நன்றி. தொற்று உறுதியானால் நிக்ளோசமைடு (நத்தைக்கொல்லி மருந்து) போடலாமா? குளம் 20 × 10 மீட்டர், சராசரி ஆழம் 1 மீட்டர்.

நீரளவு:
200 கன மீட்டர். லிட்டருக்கு 1 மி.கி. வீதம் 200 கிராம் மருந்து, 70% தூளானால் 286 கிராம், 8 மணி நேரம் அந்தச் செறிவு நிற்க வேண்டும். ஆழத்தை ஒரே இடத்தில் அளந்து கணக்கிட்டால்தான் தவறு நேரும், பத்து இடத்திலாவது அளந்து சராசரி எடுங்கள். செடி அடர்ந்த ஓரத்தில் மருந்து நுழையாது, சேறு அதை உறிஞ்சிக்கொள்ளும், சில நத்தை கரையேறித் தப்பும். முட்டைகளில் ஒரு பகுதி பிழைக்கும், எனவே பொரித்த பிறகு மறுபடியும் போட வேண்டும். மீனும் தவளையும் செத்துவிடும், மீன் வளர்க்கும் குளமென்றால் இந்த வழியே வேண்டாம். எதுவானாலும் உரிய அனுமதி வாங்கிய பிறகே.

அதே நாட்களில் அங்கே குளிப்பவர்களைப் பரிசோதித்துப் பிராசிகுவான்டெல் (புழுக்கொல்லி மாத்திரை) கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள், வழக்கமான அளவு கிலோவுக்கு 40 மி.கி. இளம் புழுக்களை அது கொல்லாது என்பதால் சில வாரம் கழித்து மறுபரிசோதனை தேவை. அதுவரை குளிக்கும் நீரை நத்தை இல்லாத தொட்டியில் 2 நாள் நிறுத்தி வைத்தால் பெரும்பாலான செர்க்கேரியா தானே செத்துவிடும்.